பெடலுக்கும் தரைக்கும் நடுவில்

நர்ஸம்மா சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, ஃப்ரேம்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாலோ அடிக்க ஓங்கிய மாதிரி இருக்கும். கடைசியில் அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "என்ன வேணும்?" என்றார்.

"ஃப்ரேம்," என்றாள் நர்ஸம்மா. "ஸ்டீல். அம்பத்திரண்டு சைஸ்."

எட்டு மாதத்துக்கு முன்பு இதே வாசலில் இதே ஆள் வந்திருந்தால் "வாங்க சம்பந்தியம்மா, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டிருப்பார். மாடியிலிருந்து அவர் மனைவி இறங்கி வந்திருப்பாள். இப்போது அந்த ஸ்டூலின் மேல் ஒரு பெட்டி போல்ட் இருந்தது. அது அங்கேயே இருந்தது.

அவர் மகனும் நர்ஸம்மாவின் மகளும் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிறகு ஒரு நாள் காலையில் அந்தப் பெண் ஒரே ஒரு பெட்டியுடன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சமாதானம் பேச என்று இரண்டு வீட்டாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். கூடியிருக்கவே வேண்டாம். "உங்க பையனுக்கு முதுகெலும்புன்னு ஒண்ணு இருந்தா எக்ஸ்ரேல தெரிஞ்சிருக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் வளையறான்" என்றாள் நர்ஸம்மா. ஃப்ரேம்காரருக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. "உங்க பொண்ணு வளையவே மாட்டேங்குறா. அந்த மாதிரி இரும்பை நான் தொடவே மாட்டேன், ஒரு நாள் பட்டுன்னு ஒடிஞ்சிரும்" என்றார். அதற்கப்புறம் இரண்டு வீட்டாரும் வக்கீல் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். வழக்கு அடுத்த மாதம் மறுபடியும் விசாரணைக்கு வருகிறது.

அவருடைய வக்கீல் ஒரே ஒரு புத்திதான் சொல்லியிருந்தார். "எதிர்த்தரப்பு எங்கயாவது எதிர்ப்பட்டா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கூட ஒரு வார்த்தை விட்டீங்கன்னா அது கோர்ட்ல வந்து நம்ம முன்னாடி நிக்கும்." அவர் மனைவி இதைத் தினமும் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒரு முறை, எழுந்திருக்கும்போது ஒரு முறை ஞாபகப்படுத்தினாள்.

சரி, இத்தனைக்குப் பிறகும் இந்தம்மா ஏன் இங்கே வந்தாள் என்பது ஃப்ரேம்காரருக்கு நன்றாகவே தெரியும். நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் ஒன்று. அறுநூறு கிலோமீட்டர், நாற்பது மணி நேரக் கெடு, கியர் இல்லாத ஒற்றைப் பல்லுச்சக்கர சைக்கிள். அதிலும் இவள் ஓட்டுவது ஃபிக்ஸட் வீல். சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இறக்கத்தில்கூடக் காலை நிறுத்தி ஓய்வெடுக்க முடியாது. இரண்டு தடவை கிளம்பி இரண்டு தடவையும் தோற்றவள். முதல் தடவை பந்தய மைதானத்தில் ஓட்டுகிற டிராக் ஃப்ரேம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். அது ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் கைக்குச் சொல்லிக்கொண்டே வந்ததில் முந்நூற்று எண்பதாவது கிலோமீட்டரில் விரல்கள் மரத்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் நின்றுவிட்டாள். இரண்டாம் தடவை எடுத்த ஃப்ரேமில் பின்சக்கரம் உட்காருகிற காடி கீழ்நோக்கி இருந்தது. செயின் தளர்ந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்க வழியே இல்லை. மழையில் ஆறு தடவை செயின் கழன்று, நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். முழங்கால் டாக்டர் "இன்னும் ஒரே ஒரு தடவை, அதோட போதும்மா" என்று சொல்லிவிட்டாராம். இதெல்லாம் சம்பந்தம் கலந்திருந்த காலத்தில் அவளே சொன்ன கதை.

அந்த ஒரே ஒரு தடவைக்கு இன்னும் இருபத்தாறு நாள்தான் இருந்தது. ஊரில் மற்ற கடைக்காரர்கள் எல்லாரும் கியர் சைக்கிளுக்குப் போய்விட்டார்கள். இந்த வேலைக்குத் தோதான ஸ்டீல் ஃப்ரேம் இவர் பட்டறையில்தான் தொங்கிற்று. மூன்று தொங்கின. வெள்ளை ஒன்று, பச்சை ஒன்று, பிரைமர் மட்டும் அடித்த செம்பழுப்பு ஒன்று.

நர்ஸம்மா தோளிலிருந்த பையை இறக்கினாள். உள்ளேயிருந்து ஒரு நோட்டும் பேனாவும் அளவு நாடாவும் ஒரு நூல்கண்டும் வெளியே வந்தன. வாசலில் சாய்த்து வைத்திருந்த அவளுடைய இரண்டு சக்கரங்களும் பின்னாலேயே வந்தன. நோட்டில் ஒன்று முதல் பதினெட்டு வரை கேள்விகள் இருந்தன. வார்டில் நோயாளியின் கட்டிலருகே நிற்கிற மாதிரி மூன்று ஃப்ரேமுக்கும் முன்னால் நின்றுகொண்டாள்.

"வெள்ளை. பின்காடி படுக்கையா இருக்கா?"

"இருக்கு."

"மட்கார்டு போட இடம்?"

"இல்ல."

"பிரேக் மாட்ட துளை?"

"முன்னாடி மட்டும்."

"பெடல் மிதிக்கும்போது ஷூ நுனி முன்சக்கரத்துல இடிக்குமா?"

"இடிக்கும்."

"தெரியும். முதல் தடவை என் கையைக் கெடுத்தவனோட தம்பி இவன்," என்று சொல்லி நோட்டில் வெள்ளையை அடித்துவிட்டாள். அடுத்தது செம்பழுப்பு. அதன் பக்கத்தில் சற்று நேரம் நின்றாள். குழாய்கள் சேருகிற ஒட்டுகளின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். பின்காடி படுக்கை, மட்கார்டுக்கு இடம் உண்டு, இரண்டு பிரேக்குக்கும் துளை உண்டு. அவள் புருவம் ஏறியதை ஃப்ரேம்காரர் பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்ல."

"யார் பண்ணினது?"

"நான்."

கட்டைவிரல் சட்டென்று விலகியது. "அப்ப வேண்டாம்."

ஃப்ரேம்காரர் ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி இருந்தால்தானே பதில்! ஆனால் காது மடல் இரண்டும் சூடானது அவருக்கே தெரிந்தது. நெடுந்தூர ஃபிக்ஸட் வீலுக்கென்றே இரண்டு மாதம் குழாய் குழாயாகத் தேர்ந்தெடுத்து அவர் ஒட்டியது அது. செய்யச் சொன்னவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போய்விட்டதால் நிறம் பூசாமல் நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்து, பிடித்துப் போய், செய்த ஆளைக் கேட்டதும் கையை உதறினால் எப்படி இருக்கும்? 'வேண்டாம்னா போ. உனக்குக் கம்பெனிதான் லாயக்கு' என்று மனதுக்குள் கரித்துக் கொட்டினார்.

பச்சைக்குக் கேள்விகள் சரசரவென்று வந்தன.

"குழாய் எவ்வளவு கனம்?"

"ஓரத்துல ஒன்பது, நடுவுல ஆறு. மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு கணக்கு."

"மெலிசா இருக்கறதால நீண்ட தூரத்துல குலுக்கலைக் கொஞ்சம் வாங்கிக்குமில்ல?"

"ஆமா."

"பின்னாடி ஹப் அகலம்?"

"நூத்தி இருபது."

"என் ஹப்பும் அதான். டயர்?"

"மட்கார்டோட முப்பத்திரண்டு வரைக்கும்."

"விழுந்த வண்டியா?"

"இல்ல."

அவள் அதை நம்பவில்லை. நூலை எடுத்து ஒரு முனையைப் பின்காடியின் வலது பக்கம் கட்டி, ஹேண்டில்பார் நுழைகிற முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, இடது பக்கக் காடியில் கட்டினாள். சீட்டுக்குழாயின் இரண்டு பக்கமும் நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை அளந்தாள். வலது முப்பத்தொன்று, இடது முப்பத்தொன்று. கோணல் இல்லை. ஃப்ரேம்காரருக்கு வயிறு எரிந்தாலும், அவள் நூலைப் பிடித்த விதத்தில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

பதினெட்டாவது கேள்விக்கும் டிக் போட்டாயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டின் அடியில் '10.15 - பச்சை' என்று எழுதிக் கோடிட்டாள். நர்சுகளுக்கு எதை எழுதினாலும் நேரத்தைப் போடாமல் கை நகராது.

"இதை ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன். ஸ்டாண்டு இருக்கா?"

"இருக்கு."

அப்போதுதான் ஃப்ரேம்காரருக்கு உறைத்தது. பதினெட்டுக் கேள்வியில் அந்த ஒரு கேள்வி இல்லை.

சாதாரண சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வளைவில் திரும்பும்போது உள்பக்கத்துப் பெடலை மேலே தூக்கிக்கொள்வார்கள். யாரும் சொல்லித் தராமல் கால் தானே செய்துகொள்கிற காரியம். ஃபிக்ஸட் வீலில் அது நடக்காது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போதே அந்தப் பக்கத்துப் பெடல் கீழே வந்து, தரைக்கு ரொம்பக் கிட்டே போய்த்தான் மேலே போகும். அதனால் அதற்கென்று செய்கிற ஃப்ரேமில் பெடல் சுழலுகிற அச்சை ஒரு கட்டைவிரல் அகலம் உயர்த்தி வைப்பார்கள். பச்சை ஃப்ரேம் கியர் வைத்து நிதானமாக ஊர் சுற்றுகிறவர்களுக்காகச் செய்தது. அதன் அச்சு தாழ்ந்திருந்தது. நர்ஸம்மா இதுவரை ஓட்டிய இரண்டில் ஒன்று மைதானத்து ஜாதி, இன்னொன்று மண்பாதை ஜாதி, இரண்டுமே அச்சு உயர்ந்தே பிறந்தவை. ஆகவே இப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. உயர்ந்த அச்சிலேயே பழகினவர்கள் மட்டுமே செய்கிற தப்பு.

நேர்ரோட்டில் எத்தனை நூறு கிலோமீட்டர் வேண்டுமானாலும் பச்சை ஜம்மென்று போகும். ஒரு மலை இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில், வேகமாகச் சாய்கிறபோது பெடல் ரோட்டைக் கொத்தும். பின்சக்கரம் எகிறும். பிறகு நடப்பதை ஆஸ்பத்திரிக்காரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

'கேட்டாளா? கேக்கல,' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நர்ஸம்மா பையிலிருந்து ஹேண்டில்பார், சீட்டு, பெடல், க்ராங்க், செயின் எல்லாவற்றையும் எடுத்து மாட்ட ஆரம்பித்தாள். பெடலைத் தாங்குகிற அந்த க்ராங்க் கை நூற்றெழுபது மில்லிமீட்டர், நீளமான ரகம். நீளம் கூடக்கூடப் பெடல் இன்னும் கீழே இறங்கும். ஃப்ரேம்காரர் அரத்தை வலது கைக்கு மாற்றி, தேய்க்க வேண்டாத ஓர் இடத்தைத் தேய்த்தார். வாய்க்குள் நாக்கு மேலண்ணத்தை முட்டிக்கொண்டு நின்றது. 'எக்ஸ்ரேல தெரிஞ்சிருக்கும்னு சொன்னியே' என்று ஒரு குரல் எழுந்து நாக்கை மறுபடியும் உட்கார வைத்தது.

கால் மணி நேரம் தேய்த்திருப்பார். தாங்கவில்லை. மாடிப்படி ஏறினார். படியின் திருப்பத்திலேயே மனைவி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்ன முகம் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

சொன்னார்.

"அவ கேட்டாளா?"

"கேக்கல."

"அப்புறம் என்ன? நம்ம புள்ளைய முதுகெலும்பு இல்லாதவன்னு சொன்னவளுக்கு நீங்க போய்ப் பாடம் எடுக்கப் போறீங்களா? நாளைக்கு கோர்ட்ல 'என்னைப் பயமுறுத்தினாரு'ன்னு நிப்பா."

"விழுந்து தொலைச்சான்னா?"

அவள் கையிலிருந்த போனை நீட்டினாள். "வக்கீலைக் கேளுங்க," என்றாள்.

வக்கீல் எதையோ மென்றுகொண்டே பேசினார். ஃப்ரேம்காரர் அச்சு, க்ராங்க், வளைவு எல்லாவற்றையும் விளக்கினார். அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் நின்றது.

"சொன்னா பயமுறுத்தினீங்கம்பாங்க."

"அப்ப சொல்ல வேணாமா?"

"சொல்லலைன்னா தெரிஞ்சே குடுத்தீங்கம்பாங்க."

"சார், எனக்கு ஒரு வழி சொல்லுங்க. ரெண்டு பக்கமும் சுவரைக் காட்டினா நான் எங்க போறது?"

"எழுத்துல குடுங்க. தேதி போடுங்க, நேரம் போடுங்க. நேரம் ரொம்ப முக்கியம். அவங்க படிச்சுட்டு என்ன வேணா பண்ணட்டும்."

ஃப்ரேம்காரர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். யாருக்கு என்று எழுதுவது என்பதிலேயே முதல் முட்டு விழுந்தது. 'சம்பந்தியம்மா' என்பது செத்துப்போன உறவு. 'அன்புள்ள' என்று தொடங்கினால் வாய்விட்டுச் சிரிக்கலாம். 'மதிப்பிற்குரிய' என்று எழுதி, இரண்டு தடவை பார்த்து, அடித்தார். கடைசியில் யாருக்கும் எழுதாமல் விஷயத்தை மட்டும் எழுதினார்: 'மேற்படி பச்சை ஃப்ரேமில் பெடல் அச்சு தாழ்வாக இருப்பதால், ஃபிக்ஸட் வீல் போட்டு வளைவில் வேகமாகத் திரும்பினால் பெடல் தரையில் இடிக்கும். விழ நேரிடும். இதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' தேதி போட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 'காலை 10.40' என்று போட்டார். கையெழுத்தும் போட்டார்.

கீழே இறங்கி வந்தால் ஸ்டாண்டு காலியாக இருந்தது.

தெரு முனையில் பச்சை சைக்கிள் தெரிந்தது. பட்டறைத் தெரு லேசான சரிவு. சரிவின் அடியில், ஒரு மின்கம்பத்தைச் சுற்றி இடப்பக்கம் திரும்பும். நர்ஸம்மா மெதுவாக நாலைந்து சுற்று சுற்றிப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. இப்போது மேலிருந்து வேகமாக வந்தாள். முதுகு நேராக, தோள் தளர்வாக, கால்கள் கடிகாரம் மாதிரிச் சுழல வந்தாள். ஐம்பத்து நாலு வயதில் அப்படி ஓட்டுகிறவர்களை அவர் அதிகம் பார்த்ததில்லை. அந்த நினைப்பே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

பட்டறையைத் தாண்டிப் போகிறபோது அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பத்தை நெருங்கினாள். வேகம் குறையவில்லை. உடம்பு இடது பக்கம் சாய ஆரம்பித்தது.

"பெடல்! பெடல்! நிமிருங்க!" என்று ஃப்ரேம்காரர் தொண்டை கிழியக் கத்தினார். கையிலிருந்த தாளைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டே ஓடினார்.

அவள் தலை ஒரு கணம் அவர் பக்கம் திரும்பியது. அதே கணத்தில் கல்லில் சுத்தியல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். பின்சக்கரம் ஒரு முழம் எகிறியது. நர்ஸம்மா இடது இடுப்பிலும் முழங்கையிலுமாகச் சரிந்து, ஓரத்து மண்ணில் போய் விழுந்தாள். கிடந்த சைக்கிளில் பின்சக்கரமும் அதோடு பெடலும் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தன.

அவர் பக்கத்தில் போவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நெருப்பு.

"எதுக்குக் கத்தினீங்க?"

"பெடல் தட்டும்னு..."

"நீங்க கத்தினதாலதான் நான் திரும்பினேன். திரும்பினதாலதான் விழுந்தேன். நடுரோட்ல ஒரு பொம்பள வேகமா வரும்போது வேணும்னே கத்துவீங்களா?"

"வேணும்னா? தொண்டை போயிருச்சு எனக்கு!"

"போகட்டும்."

இதற்குள் அவர் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டாள். விழுந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்கிற பழக்கம் அவள் காலுக்கு இருந்திருக்கிறது. கோபம் பின்னாலேதான் வந்து சேர்ந்தது. நர்ஸம்மா சொம்பை ஏறிட்டுப் பார்த்தாள்.

"உங்க வீட்டுத் தண்ணி வேண்டாம்."

"குடிக்கக் குடுக்கல. மண்ணைக் கழுவிக்கக் குடுத்தேன்," என்று சொம்பைத் தரையில் வைத்துவிட்டு அவள் நகர்ந்து நின்றுகொண்டாள்.

நர்ஸம்மா தன் பாட்டில் தண்ணீரிலேயே முழங்கையைக் கழுவி, இடுப்புப் பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்துத் தானே கட்டுப் போட்டுக்கொண்டாள். முடிச்சின் ஒரு முனையைப் பல்லால் இழுத்தாள். பிறகு, யாரையும் பார்க்காமல், சைக்கிளைத் திருப்பி இடது பெடலின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கறுப்பு உலோகத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் புதிதாக வெள்ளி மின்னியது. ரோட்டில் அதே நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கீறல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தலையைத் திருப்புகிற தூரமும் கீறல் தொடங்குகிற தூரமும் அவளுக்குக் கணக்குப் போடத் தெரியும். தள்ளியது கத்தல் இல்லை, பெடல்தான். முகம் மெல்ல மாறியது.

நொண்டிக்கொண்டே சைக்கிளைப் பட்டறைக்குத் தள்ளி வந்தாள். சக்கரங்களைக் கழற்றினாள். முன்காடியிலிருந்து பின்காடிக்கு நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து கீழே பெடல் அச்சின் நடு வரைக்கும் அளந்தாள். எழுபத்தெட்டு மில்லிமீட்டர். எழுந்து போய் வெள்ளையை அளந்தாள். ஐம்பது. அப்புறம், கொஞ்சம் தயங்கி, செம்பழுப்பை அளந்தாள். ஐம்பத்தைந்து. நாடா கிர்ரென்று சுருண்டு உள்ளே போயிற்று.

"இந்தப் பச்சையில அச்சு தாழ்வா இருக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

படியடியில் நின்ற மனைவி கண்ணாலேயே 'வேண்டாம்' என்றாள். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதுதானே ஏற்பாடு.

"தெரியும்," என்றார் ஃப்ரேம்காரர்.

"கையில என்ன?"

தாளை நீட்டினார். அவள் படித்தாள். ஒரு தடவை முழுசாக, இன்னொரு தடவை கடைசி வரியை மட்டும்.

"பத்து நாப்பதுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"நான் பச்சைன்னு முடிவு பண்ணினது பத்தேகால். நோட்ல இருக்கு. நடுவுல இருபத்தஞ்சு நிமிஷம். நான் இங்கதான் உக்காந்து க்ராங்க் மாட்டிட்டு இருந்தேன். நீங்க அங்க நின்னு அரத்தைத் தேச்சுட்டு இருந்தீங்க. அந்த இருபத்தஞ்சு நிமிஷம் எங்க போச்சு?"

வக்கீல் போடச் சொன்ன நேரமே ஃப்ரேம்காரரின் கழுத்தைப் பிடித்தது. சாக்கு தேடினார். ஒன்றும் கைக்கு வரவில்லை. வந்தது உண்மை ஒன்றுதான்.

"உங்களோட பேசப் பிடிக்கல."

"எனக்கும்தான் பிடிக்கல," என்றாள் நர்ஸம்மா. குரல் ஏறவேயில்லை, அதுதான் உறுத்தியது. "என் வார்டுல பிடிக்காத ஆள் எத்தனையோ பேர் படுத்திருக்காங்க. கையைப் பிடிச்சு இழுத்தவன்கூடப் படுத்திருக்கான். எட்டு மணி ஊசியை எட்டு மணிக்குத்தான் போடுவேன். எட்டு இருபத்தஞ்சுக்கு இல்ல."

அவள் தாளை நாலாக மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்தாள்.

"அதைக் குடுத்துட்டுப் போங்க," என்றாள் மனைவி படியடியிலிருந்து.

"எதுக்கு? எனக்கு எழுதினதுதானே?"

"உங்க பேரு அதுல இல்ல."

"என் இடுப்பு இருக்கே, போதாதா?" நர்ஸம்மா ஃப்ரேம்காரர் பக்கம் திரும்பினாள். பேச வந்ததை ஒரு தடவை விழுங்கிவிட்டு மறுபடியும் தொடங்கினாள். "அந்தப் பிரைமர் அடிச்சது. அதை இறக்குங்க."

ஃப்ரேம்காரருக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். "எது?"

"எதுன்னு தெரியாதா? நீங்க பண்ணினது. மூணுல அது ஒண்ணுதான் எனக்கு ஆகும். இருபத்தாறு நாள்ல வேற எங்க போவேன்?"

"காகிதத்தைக் குடுங்க, ஃப்ரேமைக் குடுப்பாரு," என்றாள் மனைவி. ரொம்ப நியாயமான பேரம் என்கிற தோரணையில் சொன்னாள்.

"குடுக்க மாட்டேன். காகிதம் எங்கிட்டதான் இருக்கும். ஃப்ரேம் குடுக்கலைன்னா இந்த வருஷம் நான் போகல. போகலைன்னா இனிமே எப்பவும் போக மாட்டேன். அவ்வளவுதான் விஷயம்." சக்கரங்களை எடுத்துத் தோளில் மாட்ட ஆரம்பித்தாள். காயம்பட்ட கை வலித்திருக்க வேண்டும், உதட்டை மட்டும் கடித்தாள்.

ஃப்ரேம்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையைக் குறுக்காக ஆட்டினாள். சட்டப்படி பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி. அந்தத் தாள் கோர்ட்டுக்கு வந்தால் வக்கீல் தலையில் கையை வைத்துக்கொள்வார். மகன் 'அப்பா, உங்களுக்கு வேற வேலையில்லையா?' என்பான். இவ்வளவும் தெரிந்துதான் அவர் கொக்கியிலிருந்து செம்பழுப்பு ஃப்ரேமை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினார். இடுப்பில் மண்ணோடு ஒருத்தி சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறையிலிருந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை.

"நீங்களாச்சு உங்க கோர்ட்டாச்சு," என்று மனைவி படியேறிப் போய்விட்டாள். சொம்பு தெருவிலேயே கிடந்தது.

நர்ஸம்மா மறுபடியும் நூலைக் கட்டினாள். பச்சைக்குப் பண்ணினதைவிட மூன்று மடங்கு கடுமையாக அந்த ஃப்ரேமைச் சோதித்தாள். ஒவ்வொரு குழாயையும் நகத்தால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். காடிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். இல்லாத பிசிரைத் தேடினாள். இரண்டு பக்கமும் முப்பது. கோணல் இல்லை.

"க்ராங்க் நூத்தெழுபது ஆகுமா?"

"நூத்தறுபத்தஞ்சு போடுங்க. இதுலயும் மலை வளைவுல அதான் நல்லது. முழங்காலுக்கும் அதான் நல்லது."

முழங்காலைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்காத வார்த்தை ஒன்று வெளியே போய்விட்டதை இரண்டு பேரும் கவனித்தார்கள். கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

"என்ன கலர் அடிக்கணும்?" என்றார், பேச்சை மாற்ற.

"கலர் வேண்டாம். இந்தப் பிரைமரையும் சுரண்டி எடுத்துடுங்க. வெறும் இரும்பு தெரியணும், மேல வார்னிஷ் மட்டும். ஒவ்வொரு ஒட்டும் என் கண்ணுக்குத் தெரியணும். உள்ளுக்குள்ள நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு பெயிண்டுக்கு மேல எனக்கு எப்படித் தெரியும்?"

முகத்தில் அடித்தாற்போல்தான் சொன்னாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு ஃப்ரேம் செய்து கொடுத்திருக்கிறார். சிவப்பு கேட்டிருக்கிறார்கள், நீலம் கேட்டிருக்கிறார்கள், பெண்சாதி பெயரை எழுதித் தரக் கேட்டிருக்கிறார்கள். ஒட்டைக் காட்டு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. பிரைமரைச் சுரண்ட இரண்டு நாள் ஆகும். கை புண்ணாகும். ஆனால் உள்ளே ஒட்டுக்காக உருக்கி விட்ட பித்தளை ஓடிய கோடு ஒவ்வொன்றும் தலைமுடி மாதிரி மெல்லிசாக, ஒரே சீராகப் போயிருக்கும். அது அவருக்குத் தெரியும். அதை இவள் பார்க்கப் போகிறாள் என்ற நினைப்பில் உள்ளுக்குள் ஏதோ எழுந்து நின்றது. அதை அமுக்கி உட்கார வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை," என்றார்.

"காலையிலயா சாயங்காலமா?"

"சாயங்காலம்."

"மணி?"

"அஞ்சு."

எழுதிக்கொண்டாள். பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை நொண்டி நடந்தாள். அங்கே நின்று, திரும்பாமலே பேசினாள்.

"ஓட்டி முடிச்சேன்னா உங்க ஃப்ரேம்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"விழுந்தா?"

"விழுந்தா எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"சொல்லுங்க," என்றார் ஃப்ரேம்காரர். "இதுல விழுந்தா நானே வந்து சொல்றேன்."

அவள் போன பிறகு கதவைப் பாதி சாத்திவிட்டு, சுரண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு ஒட்டின் மேல் இருந்த பிரைமரைச் சுரண்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "யாரு முதுகெலும்பைப் பத்திப் பேசறது!" என்று திட்டிவிட்டு அடுத்த ஒட்டுக்குப் போனார். அதற்கு அவள் நோட்டைத் திட்டினார். அடுத்ததற்கு அவள் நூல்கண்டை. சந்தேகப்பட வேண்டிய அவசியமே இல்லாத இடங்களைக்கூட இரண்டு தடவை பார்த்தார். ஆறாவது ஒட்டுக்கு வந்தபோது அவளைத் திட்டப் புதிதாக எதுவும் அகப்படவில்லை. வக்கீலைத் திட்ட ஆரம்பித்தார்.